வாயிலில் நின்று கூறும் காரணம்
கைதும் வீட்டுச் சோதனையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

அரசாங்கம் என்பது குடிமகனுக்குப் பெரும்பாலும் தொலைவில் உள்ளதொரு பொருளாகும். வரி, வாக்கு, வர்த்தமானி என்பனவற்றின் மூலமே அவன் அதனை அறிகின்றான். அது அவனை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் மிகக் கூர்மையானது அவனது வீட்டு வாயில். நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது உள்ளே இருப்பவர் கேட்கும் முதற் கேள்வி "யார்?" என்பது, அடுத்த கேள்வி "எதற்காக?" என்பது. இவற்றுக்கு விடை கூறும் கடமை வெளியே நிற்பவருக்கு உண்டா, அவ்விடை எப்போது கூறப்படல் வேண்டும், உட்புகுந்த பின்னர் அவர் எவ்வளவு தூரம் தேடலாம் என்னும் வினாக்களைச் சுற்றியே கைதும் வீட்டுச் சோதனையும் பற்றிய சட்டத்தின் வரலாறு வளர்ந்து வந்துள்ளது.

இவ்வரலாற்றின் முதன்மையான களம் இங்கிலாந்து. அங்கு நீதிமன்றங்களில் உருவான விதிகள் பின்னர் சட்டக்கோவைகளாக எழுதப்பட்டுக் குடியேற்ற நாடுகளுக்குச் சென்றன. இலங்கையும் அவற்றைப் பெற்ற நாடுகளுள் ஒன்று. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகத் தொடரும் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, அதன் அடியில் ஒரேயொரு வழக்கு மீண்டும் மீண்டும் விசாரிக்கப்படுவதனைக் காணலாம். நுழைவதற்கான காரணம் நுழைவுக்கு முன்னரே இருத்தல் வேண்டுமா? அல்லது உள்ளே கண்டெடுக்கப்பட்ட பொருளே நுழைவினைப் பின்னர் நியாயப்படுத்திவிடுமா? இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களிற் கூறப்பட்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டையும் அதன் திறவுகோலும்

ஒருவனுடைய வீடு அவனுடைய கோட்டை என்னும் முதுமொழி ஆங்கிலச் சட்டத்தோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துள்ளது. அதற்குச் சட்டவுருவம் அளித்தது 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்காகும். இலண்டனின் பிளாக்பிரயர்ஸ் பகுதியில் றிச்சட் கிரெஷம், ஜோர்ஜ் பெறிஸ்போட் என்னும் இருவர் ஒரு வீட்டைக் கூட்டாக உடைமை கொண்டிருந்தனர். பெறிஸ்போட் கடனாளியாக இறந்தார். கடன் கொடுத்தவரான பீற்றர் செமெய்ன், இறந்தவருடைய பொருள்களைக் கைப்பற்றுமாறு நீதிமன்ற ஆணை பெற்றார். அவ்வாணையை நிறைவேற்ற இலண்டன் ஷெரிப் வீட்டுக்கு வந்தபோது கிரெஷம் கதவைச் சாத்திக்கொண்டார். கதவைச் சாத்தியமை தவறா என்பதே அரச மன்றத்தின் முன் வந்த வழக்கு.

கிரெஷமுக்கே வெற்றி கிட்டியது. இத்தீர்ப்பினை எட்வேட் கோக் தமது வழக்கறிக்கைகளிற் பதிவு செய்தார். அவர் வழியாக நிலைபெற்ற விதிகளுட் பின்வந்தோர் பெரிதும் நினைவிற் கொண்டது கோட்டை பற்றிய பகுதியையே. ஆயின் அத்தீர்ப்பு கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. தனியார் ஒருவரின் கடனுக்காக வெளிக்கதவை உடைத்தலாகாது எனக் கூறிய மன்று, அரசனே ஒரு திறத்தவனாக இருக்கும் வழக்குகளில், அஃதாவது குற்றவாளியைக் கைது செய்தல் போன்ற கருமங்களில், கதவை உடைத்தும் உட்புகலாம் என்றது. அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது. உடைக்குமுன் அலுவலர் தாம் வந்த காரணத்தை அறிவித்தல் வேண்டும். கதவைத் திறக்குமாறு கேட்டல் வேண்டும். கிரெஷம் வழக்கில் ஷெரிப் அவ்வாறு கேட்டதாகக் காட்டப்படவில்லை. ஆகவே கதவைச் சாத்தியவர்மீது பழியில்லை என முடிந்தது.

இந்நிபந்தனையின் பொருள் ஆழமானது. உரிய காரணத்தோடு வரும் அரச அலுவலருக்கு வீடு கோட்டையாக அமைவதில்லை. காரணமே அக்கோட்டையின் திறவுகோல். காரணம் கூறப்படும்போது வீட்டிலுள்ளவருக்குத் தாமாகவே கதவைத் திறக்கும் வாய்ப்புக் கிடைக்கின்றது. கதவு உடைபடுவதும் இரத்தம் சிந்தப்படுவதும் தவிர்க்கப்படுகின்றன. வந்தவர் கள்வர் எனக் கருதித் தாக்கும் அபாயமும் நீங்குகின்றது. அனைத்துக்கும் மேலாக, உடைக்குமுன் காரணத்தை வாய்விட்டுக் கூறவேண்டிய அலுவலர், அக்காரணம் தம்மிடம் உண்டா என்பதை முதலில் தமக்குள்ளேயே வினவிக்கொள்ள வேண்டியவராகின்றார்.

பொதுவாணைகளின் வீழ்ச்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விதிக்குப் பெரும் சோதனை வந்தது. அரசினைக் கண்டிக்கும் எழுத்துக்களை ஒடுக்குவதற்கு அரச செயலாளர்கள் பொதுவாணைகளைப் பயன்படுத்திவந்தனர். 1763ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி வெளிவந்த 'நோர்த் பிரிற்றன்' இதழின் 45ஆம் இலக்கம் அரசனின் பாராளுமன்ற உரையைக் கடுமையாகத் தாக்கியது. அரச செயலாளரான ஹலிபாக்ஸ் பிரபு அதன் ஆசிரியர்களையும் அச்சிட்டோரையும் வெளியிட்டோரையும் பிடிக்குமாறு ஆணை பிறப்பித்தார். அவ்வாணையில் எவருடைய பெயரும் இல்லை. யாரைப் பிடிப்பது என்பதனை ஆணையைக் கொண்டுசென்ற தூதர்களே தீர்மானித்தனர். நாற்பத்தொன்பது பேர் கைதாயினர். பாராளுமன்ற உறுப்பினரான ஜோன் வில்க்ஸ் அவர்களுள் ஒருவர். அவருடைய வீடு துழாவப்பட்டுத் தாள்கள் அள்ளிச் செல்லப்பட்டன.

கைதானோர் வாளாவிருக்கவில்லை. அத்துமீறலுக்கு நட்டஈடு கோரி அவர்கள் வழக்குகள் தொடுத்தனர். சோதனையை மேற்பார்வை செய்த றொபேட் வூட் என்பாருக்கெதிராக வில்க்ஸ் 1763 டிசெம்பரில் 1000 பவுண் நட்டஈடு பெற்றார். ஹலிபாக்ஸ் பிரபுவுக்கெதிரான வழக்கு இழுபட்டுச் சென்று 1769இல் முடிவுற்றது. அதில் அவருக்கு 4000 பவுண் வழங்கப்பட்டது. அரச அலுவலர் ஒருவர் மேலிடத்து ஆணையைக் காட்டித் தப்பிக்கொள்ள முடியாது என்பதும், ஆணையிட்ட அமைச்சரும் சாதாரண நீதிமன்றத்தில் சாதாரண மனிதரைப்போல் நிற்க வேண்டும் என்பதும் இவ்வழக்குகளால் உறுதியாயின.

எனினும் சட்டத்தின் நோக்கில் இவற்றிலும் சிறப்புடையது 1765ஆம் ஆண்டின் என்ரிக் எதிர் கறிங்டன் வழக்காகும். ஜோன் என்ரிக் 'மொனிற்றர்' என்னும் இதழோடு தொடர்புடைய எழுத்தாளர். 1762ஆம் ஆண்டு நவெம்பர் 11ஆந் திகதி நேதன் கறிங்டனும் வேறு மூவரும் ஹலிபாக்ஸின் ஆணையோடு அவரது வீட்டினுட் புகுந்தனர். நான்கு மணி நேரம் அறைகளையும் பெட்டிகளையும் திறந்து தேடித் தாள்களை எடுத்துச் சென்றனர். இவ்வாணையில் என்ரிக்கின் பெயர் இருந்தது. எனவே வில்க்ஸின் வழக்கிற் காணப்பட்ட குறை இங்கு இல்லை. குறை வேறோரிடத்தில் இருந்தது. எந்தத் தாள்களைத் தேடுவது என்பதற்கு அவ்வாணையில் எல்லையே இல்லை.

பொது வழக்கு மன்றின் பிரதம நீதியரசரான கம்டன் பிரபு ஆற்றிய தீர்ப்பு மூன்று வாதங்களை முறியடித்தது. முதலாவது, இத்தகைய ஆணைகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன என்பது. அச்சத்தால் மக்கள் பேசாதிருந்தமை சட்டத்தை ஆக்கிவிடாது என அவர் கருதினார். இரண்டாவது, அரசின் தேவை என்பது. அரசின் தேவை எனக் கூறப்படுவதனாலேயே ஒரு செயல் சட்டமாகிவிடாது. பாராளுமன்றச் சட்டத்திலோ பொதுச் சட்ட நூல்களிலோ அவ்வதிகாரத்துக்கு ஆதாரம் காட்டப்படல் வேண்டும் என்றார். மூன்றாவது வாதமே இங்கு முக்கியமானது. இச்சோதனைகளாற் குற்றவாளிகள் கண்டுபிடிக்கப்படுகின்றனர் என்பது அது. கொலை, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களிலும் சான்று தேடுவதற்காக ஒருவனுடைய தாள்களைத் துழாவும் அதிகாரத்தைச் சட்டம் வழங்கவில்லை என்பதைச் சுட்டிய கம்டன், அத்தகைய தேடலிற் குற்றமற்றவனும் குற்றவாளியும் ஒருங்கே துன்புறுவர் என்றார். ஜூரிகள் 300 பவுண் நட்டஈடு விதித்தனர். 1766இற் பொதுமக்கள் சபையும் பொதுவாணைகளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

செமெய்ன் வழக்கு வாயிலிற் காரணத்தைக் கேட்டது. என்ரிக் வழக்கு அக்காரணத்தை வீட்டினுள்ளேயும் கொண்டுசென்றது. எதற்காக நுழைந்தாரோ அதற்குரிய அளவோடு தேடலும் நிற்றல் வேண்டும் என்பதும், தேடிக் கிடைத்த பயன் நுழைவுக்கு நியாயமாகாது என்பதும் அதன் உட்பொருளாகும்.

கைதின் நிழலில் வளர்ந்த அதிகாரம்

1829இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் படை அமைக்கப்பட்டபோது, புதிய காவலர்கள் பழைய பொதுச் சட்டத்தின் அதிகாரங்களோடேயே வீதிக்கு வந்தனர். அவர்கள் நுழைவதற்கும் தேடுவதற்குமான அதிகாரங்கள் ஒரே சட்டமாகத் தொகுக்கப்படவில்லை. களவுப் பொருள், மது, சூதாட்டம், வெடிபொருள் எனத் துறைக்கொரு சட்டம் தனித்தனியே சோதனை ஆணைகளுக்கு வழிசெய்தது. சட்டம் தெளிவாகப் பேசாத இடங்களிற் பொலிசாரின் நடைமுறை அவ்வெளியை நிரப்பியது. கைது செய்யப்பட்டவரின் உடலைச் சோதிக்கும் உரிமை, அவர் நின்ற அறையைச் சோதிக்கும் உரிமையாகவும், பின்னர் அவரது வீடு முழுவதையும் சோதிக்கும் வழக்கமாகவும் படிப்படியாக விரிந்தது.

இவ்விரிவுக்கு நீதிமன்றம் அளித்த பெருந்துணை 1934ஆம் ஆண்டின் எலையஸ் எதிர் பாஸ்மோர் வழக்காகும். உலகப் பொருளாதார மந்தத்தால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்த காலம் அது. வேலையற்ற தொழிலாளர் இயக்கத்தின் தலைவரான வோல் ஹனிங்டனைக் கைது செய்யும் பிடியாணையுடன் 1932இற் பொலிசார் அவ்வியக்கத்தின் இலண்டன் தலைமைப் பணிமனைக்குச் சென்றனர். அவரைப் பிடித்ததோடு அமையாது, சோதனை ஆணை எதுவுமின்றியே அங்கிருந்த ஆவணங்களையும் பெருந்தொகையாக எடுத்துச் சென்றனர். அவ்வாவணங்களுட் சில, ஹனிங்டன் மீதன்றி, அதே இயக்கத்தைச் சேர்ந்த சிட் எலையஸ் என்பவர் மீதான வழக்கிற் சான்றாகப் பயன்பட்டன. எலையஸ் தண்டனை பெற்றார்.

ஆவணங்களைக் கைப்பற்றியமை சட்டவிரோதம் என எலையஸும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். நீதியரசர் ஹொறிட்ஜ் வழங்கிய தீர்ப்பு வியப்புக்குரியது. யாரேனும் ஒருவர் புரிந்த குற்றத்துக்கு அவ்வாவணங்கள் சான்றாக அமையுமாயின், கைப்பற்றியபோது அது முறையற்றதாக இருந்திருப்பினும், அரசின் நலன் அதனை மன்னித்துவிடும் என்பது அதன் சாரம். கம்டன் பிரபு 1765இல் வாயிலிலேயே தடுத்து நிறுத்திய அரசின் தேவை என்னும் வாதம் 169 ஆண்டுகளின் பின்னர் பின்வாயிலால் உள்ளே வந்தது எனலாம். கண்டெடுத்த பொருளே எடுத்த செயலை நியாயப்படுத்தியது. காரணம் முன்னே சென்று கதவைத் திறக்கும் முறை மாறி, பயன் பின்னே வந்து கதவு உடைக்கப்பட்டதை மன்னிக்கும் நிலை தோன்றிற்று.

இப்போக்கின் இன்னொரு முகத்தை ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு வழக்கிற் காணலாம். கென்யாவில் அவசரகால விதிகள் நடைமுறையிலிருந்தபோது குருமா என்பவர் வீதியில் நிறுத்திச் சோதிக்கப்பட்டார். அவரிடம் இரு துப்பாக்கி இரவைகள் இருந்தன எனக் கூறப்பட்டது. சோதித்தவர்கள் விதிகள் கோரிய பதவிநிலையிற் குறைந்தவர்கள். இரவைகளை வைத்திருந்தமைக்கு அங்கு மரணதண்டனை. வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்துக்கு வந்தது. சான்று வழக்கோடு தொடர்புடையதா என்பதே வினா. அது எவ்வாறு பெறப்பட்டது என்பது நீதிமன்றத்தின் கவலையன்று என 1955இல் முடிவாகியது. இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாகவும் அக்காலத்திற் கோமறைக் கழகமே விளங்கியமையால், இத்தகைய முடிபுகள் இங்கும் கனம் பெற்றன.

அமெரிக்கக் கிளை

இதே வேரிலிருந்து பிரிந்த மற்றொரு கிளை வேறு திசையில் வளர்ந்தமையும் நோக்கத்தக்கது. சுங்க அலுவலர் எந்த வீட்டினுள்ளும் புகுந்து தேட இடமளித்த ஆணைகளை எதிர்த்து ஜேம்ஸ் ஓட்டிஸ் 1761இற் பொஸ்ரன் நகர நீதிமன்றத்தில் வாதாடினார். அவர் தோற்றார், ஆனால் அவ்வெதிர்ப்பு அணையவில்லை. 1791இல் அமெரிக்க அரசியல் யாப்போடு இணைந்த நான்காவது திருத்தம், தேடப்படும் இடத்தையும் கைப்பற்றப்படும் பொருளையும் ஆணை குறித்துரைத்தல் வேண்டும் என விதித்தது. 1961இல் மப் எதிர் ஓஹியோ வழக்கில், சட்டவிரோதச் சோதனையாற் கிடைத்த சான்றினை மாநில நீதிமன்றங்களும் ஏற்றலாகாது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1969இல் சிமெல் வழக்கு இன்னும் நுணுக்கமான எல்லையை வகுத்தது. நாணயக் கடையொன்றை உடைத்துத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட சிமெல் என்பவரைக் கலிபோர்னியாவில் அவரது வீட்டிலேயே கைது செய்த பொலிசார், சோதனை ஆணையின்றி மூன்று படுக்கையறைகள் கொண்ட அவ்வீடு முழுவதையும் தேடினர். கைதானவர் கைநீட்டி ஆயுதத்தையோ சான்றினையோ எடுக்கக்கூடிய தூரம் வரையே ஆணையின்றித் தேடலாம் என்பது அவ்வழக்கின் முடிபு.

1984ஆம் ஆண்டுச் சட்டம்

இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதி வரை குழப்பமே நிலவியது. அக்காலத்திய ஜெப்றி எதிர் பிளாக் வழக்கு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மதுச்சாலையொன்றில் ஒரு சான்விச்சினைத் திருடியதாக ஒருவர் கைது செய்யப்பட்டார். கைது செய்தவர்கள் போதைப்பொருட் தடுப்புப் பிரிவினர். அவர்கள் அவரது வீட்டைச் சோதித்துக் கஞ்சா கண்டெடுத்தனர். சான்விச்சுத் திருட்டுக்குச் சான்று வீட்டில் இருத்தல் கூடாதென்பது வெளிப்படை. அச்சோதனை சட்டவிரோதமானது என நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் கண்டெடுத்த கஞ்சாவைச் சான்றாக ஏற்கலாம் எனவும் அதுவே கூறியது. செயல் தவறு, பயன் சரி என்னும் இவ்விரட்டை நிலை எந்தப் பொலிஸ் அலுவலருக்கும் தெளிவான வழிகாட்டியாக அமைந்திருக்க முடியாது.

இந்நிலையைச் சீர்செய்யும் பொறுப்பு ஓர் அரச ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் தலைவர் ஸர் சிறில் பிலிப்ஸ் ஒரு சட்டத்தரணியல்லர். கிழக்கிந்தியக் கொம்பனி பற்றி ஆய்வு செய்த வரலாற்றறிஞர். 1981இல் வெளிவந்த அவ்வாணைக்குழுவின் அறிக்கையை அடியொற்றி 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றவியற் சான்றுச் சட்டம் இயற்றப்பட்டு, 1986 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பொலிசாருக்கு அதிகாரங்களைத் தாராளமாக வழங்கியது எனச் சிலரும், அவர்களைக் கட்டிப்போட்டது எனச் சிலரும் அதனைக் குறைகூறினர். உண்மையில் அது காரணங்களை வரிசைப்படுத்தி எழுதியது என்பதே பொருந்தும்.

அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கைது செய்வதற்காக நுழைதலைப் பற்றியது. பிடியாணையை நிறைவேற்றல், பாரிய குற்றத்துக்காகக் கைது செய்தல், தப்பியோடியவரைத் துரத்திப் பிடித்தல், உயிரையோ உடலையோ காத்தல் என நுழைவதற்கான நோக்கங்கள் அதில் எண்ணிக் கூறப்பட்டுள்ளன. உயிர் காத்தல் தவிர்ந்த ஏனைய நோக்கங்களுக்கு, தேடப்படுபவர் உள்ளே இருக்கின்றார் என நம்புவதற்கு நியாயமான ஆதாரம் வேண்டும். நுழைந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவே தேடலாம். மனிதரைத் தேடி வந்தவர் மேசை இழுப்பறையைத் திறத்தற்கு இப்பிரிவில் இடமில்லை. பழைய பொதுச் சட்ட நுழைவதிகாரங்கள், சமாதானக் குலைவைத் தடுக்கும் அதிகாரம் ஒன்றைத் தவிர, முற்றாக நீக்கப்பட்டன.

18ஆம் பிரிவு கைதுக்குப் பிந்திய சோதனையை ஆளுகின்றது. கைதானவர் குடியிருக்கும் அல்லது அவரது கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில், அக்குற்றத்துக்கோ அதனோடு தொடர்புடைய குற்றத்துக்கோ சான்று உண்டு எனச் சந்தேகிக்க நியாயமிருப்பின், பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் எழுத்துமூல அனுமதியுடன் தேடலாம். 32ஆம் பிரிவு கைது நிகழ்ந்த இடத்தை, அல்லது கைதுக்குச் சற்று முன் அவர் இருந்த இடத்தைத் தேட அனுமதிக்கின்றது. சான்விச்சுத் திருடனின் வீட்டிற் கஞ்சா தேடுவதற்கு இவற்றுள் எதிலும் வழியில்லை. தொடக்கத்தில் 'கைது செய்யத்தக்க குற்றம்' என அமைந்திருந்த அளவுகோல் 2005ஆம் ஆண்டின் சட்டமொன்றால் மாற்றப்பட்டதெனினும், நோக்கமும் அளவும் இணைந்து செல்லவேண்டும் என்னும் அமைப்பு மாறவில்லை. நீதியான விசாரணைக்குக் கேடு விளைக்கும் சான்றினை விலக்குவதற்கு 78ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் அளித்தது.

வாயிலிற் காரணம் கூறும் கடமையை இச்சட்டம் வெளிப்படையாக எழுதவில்லை. ஆயின் நீதிமன்றம் அதனை மறக்கவுமில்லை. 1998ஆம் ஆண்டின் வழக்கறிக்கைகளில் இடம்பெற்ற ஓலொக்லின் வழக்கில், மனைவியைக் கைது செய்ய வந்த பொலிசார் காரணம் கூறாது கதவைத் தள்ளி நுழைந்தபோது கணவர் எதிர்த்து நின்றார். காரணம் கூறுதல் இயலாததாகவோ தகாததாகவோ இருந்தாலன்றி, பலாத்காரமாக நுழையுமுன் அதனைக் கூறியே ஆகவேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கிரெஷம் கதவைச் சாத்தியதற்கும் ஓலொக்லின் எதிர்த்து நின்றதற்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றே.

இலங்கைச் சட்டத்தில்

இலங்கையில் இவ்விதி சட்டக்கோவை வழியாக வந்தது. 1883ஆம் ஆண்டில் இந்தியச் சட்டக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டு குற்றவியல் நடவடிக்கைமுறை கோவைப்படுத்தப்பட்டது. 1898இல் அதற்குப் பதிலாக மற்றொரு கோவை வந்தது. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் சில ஆண்டுகள் அவ்விடத்தை வகித்தபின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. கைது செய்யப்பட வேண்டியவர் ஓரிடத்தினுள் இருக்கின்றார் என நம்பக் காரணமிருப்பின், அவ்விடத்துக்குப் பொறுப்பானவர் கேட்டவுடன் வழிவிடுதல் வேண்டும் என அது கூறுகின்றது. வழி கிடையாதவிடத்து, தமது அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்து அனுமதி கேட்ட பின்னரே கதவையோ யன்னலையோ உடைக்கலாம். 1604இன் நிபந்தனை இங்கு சட்டவாசகமாகவே நிற்பதனைக் காண்கிறோம். கைது செய்யப்படுபவருக்குக் குற்றச்சாட்டின் தன்மையை அறிவித்தல் வேண்டும் என்பதும் அக்கோவையில் உண்டு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. வீட்டின் மீறவொண்ணாமை பற்றித் தனியான உறுப்புரை எதுவும் அதில் இடம்பெறவில்லை.

நீதிமன்றங்களும் இவ்விடயத்தில் விழிப்போடிருந்த காலம் உண்டு. 1951ஆம் ஆண்டின் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேசியன் கூறிய கருத்து இன்றும் எடுத்தாளப்படுகின்றது. ஆணையின்றித் தனியார் வீடுகளைச் சோதிக்கவோ குடிமக்களைக் கைது செய்யவோ முற்படும் பொலிசாரின் செயல்களை அவர்களுடைய மேலதிகாரிகளும், அனைவருக்கும் மேலாக நீதிமன்றங்களும், மிகுந்த விழிப்புடன் ஆராய்தல் வேண்டும் என்பது அது. கைதுக்கான காரணத்தைக் கூறும் கடமை பற்றி 1947இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை கிறிஸ்ரி வழக்கில் நிலைநாட்டிய கொள்கையை, 1954ஆம் ஆண்டின் கொறியா வழக்கில் அவரே இலங்கைச் சட்டத்துக்கும் உரியதாகக் காட்டினார்.

ஆயின் 1979ஆம் ஆண்டு இலங்கைச் சட்ட வரலாற்றில் இரு முகங்கள் கொண்டது. நடவடிக்கைமுறைக் கோவை வெளிவந்த அதே ஆண்டில், 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டமும் நிறைவேறியது. பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரோ, அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அலுவலரோ, ஆணையின்றியும், வேறெந்தச் சட்டத்தில் மாறாக எது கூறப்பட்டிருப்பினும், எவரையும் கைது செய்யலாம், எவ்விடத்தினுள்ளும் நுழைந்து தேடலாம், ஆவணங்களைக் கைப்பற்றலாம் என அதன் 6ஆம் பிரிவு விதித்தது. சட்டவிரோதச் செயலோடு தொடர்பு பற்றிய நியாயமான சந்தேகம் வேண்டும் என்னும் சொற்கள் அதில் உண்டு. வாயிலில் நின்று அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்தல் என்னும் படி அதில் இல்லை. மூன்றாண்டுகளுக்கென வந்த அச்சட்டம் 1982இற் காலவரையறை நீக்கப்பட்டு நிலைபெற்றது.

இதன் விளைவைச் சட்டநூல்களுக்கு வெளியேதான் முழுமையாகக் காணலாம். வடக்கிலும் கிழக்கிலும் கதவு தட்டப்படும் ஓசை ஒரு தலைமுறையின் நினைவில் எவ்வாறு பதிந்தது என்பதனையும், 1971இலும் 1980களின் இறுதியிலும் தெற்கின் கிராமங்களில் அதே ஓசை எவ்வாறு கேட்டது என்பதனையும் வாய்மொழி வரலாறு கூறும். வரலாற்று மாணவன் ஈண்டுக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. "எதற்காக?" என்னும் கேள்விக்கு வாயிலில் விடை கிடையாதபோது, அக்கேள்வி மறைந்துபோவதில்லை. அது பொலிஸ் நிலைய வாயிலுக்கும், தடுப்பு முகாமின் வாயிலுக்கும், ஆணைக்குழுக்களின் முன்னும் ஆண்டுக்கணக்காகச் செல்கின்றது. பெரும்பாலும் அதனைச் சுமந்து செல்பவர்கள் தாய்மாரும் மனைவியருமே.

முடிவுரை

பொலிசாருக்கு நுழையும் அதிகாரமே வேண்டாம் என இவ்வரலாறு கூறவில்லை. கொலையாளி ஒளிந்திருக்கும் வீட்டின் கதவு சட்டத்துக்கு மூடப்பட்டிருத்தல் இயலாது. உள்ளிருந்து அபயக்குரல் எழும்போது ஆணை பெறக் காத்திருத்தலும் இயலாது. காரணத்தை உரத்துக் கூறும் அவகாசத்திற் சான்று எரிக்கப்படலாம் என்னும் பொலிசாரின் வாதத்திலும் உண்மை உண்டு. அதனாலேயே ஒவ்வொரு காலத்துச் சட்டமும் விதிவிலக்குகளை வகுத்தது. ஆயின் விதிவிலக்குக்கும் ஒரு காரணம் வேண்டும். அக்காரணமும் நுழைவுக்கு முன்னரே இருத்தல் வேண்டும்.

கண்டெடுத்த பொருளைக் காட்டி நுழைவினை நியாயப்படுத்த இடமளிக்கும் சட்டம், எதுவும் கண்டெடுக்கப்படாத வீடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அவ்வீடுகளிற் பெட்டிகள் கொட்டப்பட்டிருக்கும், கதவு உடைந்திருக்கும், குழந்தைகள் அழுதிருக்கும். வழக்கு மட்டும் இராது. வழக்கறிக்கைகளிற் பதிவாவது பொருள் அகப்பட்ட வீடுகளின் கதையே. என்ரிக் போன்று ஒருவர் துணிந்து நீதிமன்றம் செல்லும்போது மாத்திரமே மற்றைய வீடுகளின் கதை வரலாற்றில் இடம்பெறுகின்றது. குற்றமற்றவனும் குற்றவாளியும் ஒருங்கே துன்புறுவர் எனக் கம்டன் பிரபு கூறியதன் பொருள் இதுவே.

வாயிலில் நின்று கூறப்படும் காரணம் ஒரு வாக்கியத்தினும் நீளாது. அதனைக் கூறச் சில கணங்களே ஆகும். அச்சில கணங்களுள் அரசு தன் செயலுக்குப் பொறுப்பேற்கின்றது. வீட்டிலுள்ளவர் ஒரு குடிமகனாக மதிக்கப்படுகின்றார். அக்கணங்களைச் சட்டத்திலிருந்து அகற்றுவது எளிது என்பதை 1979ஆம் ஆண்டு காட்டியது. அவற்றை மீண்டும் பெறுதல் எத்துணை அரிது என்பதை அதன் பின்வந்த பதிற்றாண்டுகள் காட்டியுள்ளன.